முகத்துக்கு முன்னால் காலைப் பார்த்தவர்

டாக்டர் மேடத்தின் மகன் சேகர் போன் செய்தபோது நான் ஆய்வகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, அம்மா போயிட்டாங்க. காபி கேட்டாங்க, எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." என்றார். "வர்றேன் சேகர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் காரணம் எதுவும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூடி திறக்காத பாட்டில். காலையிலிருந்து அவர் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை என்பது தெரிந்தது. மேடம் அங்கே இருந்திருந்தால் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டிருப்பார்.

டாக்டர் அமிர்தவல்லியைத் தெரியாதவர்கள் திண்டிவனத்தில் குறைவு. மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், பச்சைக் கேட் போட்ட கிளினிக். இதைப் படிக்கிற உங்களில் பலரை உலகத்துக்கு வந்த நிமிடத்தில் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தவர் அவர். அவருக்கு அஞ்சலி எழுதச் சொன்னால் எல்லோரும் பிரசவங்களைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப்போவது எந்த மேடையிலும் யாரும் பேசாத சமாசாரம். நீர்க்கடுப்பு. அவருடைய கிளினிக்கின் பக்கத்து அறையில் உட்கார்ந்து வருடக்கணக்காகச் சிறுநீர் பரிசோதனை செய்தவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பே நாம் அவரை இழந்திருப்போம். ஆள் உட்கார்ந்திருக்க, உள்ளே இருந்த அமிர்தவல்லி காணாமல் போயிருப்பார். அப்படி நடக்காமல் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது அவருடைய கால் கட்டைவிரல். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

டிப்ளமா முடித்த கையோடு 1993இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே அவர்மேல் எனக்கு ஒரு மனக்குறை. உள்ளே வருகிற பெண்களை அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். முதலில் தரையைப் பார்ப்பார். அப்புறம்தான் முகம். கிராமத்து ஜனங்கள் என்றால் இந்த அம்மாவுக்கு இளப்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலை வந்த அன்று விஷயம் புரிந்தது.

அஞ்சலை மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். முதல் பஸ்ஸில் மீன் கூடையோடு வந்து இறங்கினால் பொழுது சாயும்வரை மார்க்கெட்டில்தான். விலை சொன்னால் சந்து முனைவரை கேட்கும் குரல். அன்று அந்தக் குரல் எழும்பவில்லை.

"என்னம்மா பண்ணுது?"

"தலவலிங்க டாக்டரம்மா. மண்ட இடிக்குது."

"தலவலிக்கு யாரு கால்ல சுண்ணாம்பு வெக்கச் சொன்னது?"

அஞ்சலை சட்டென்று ஒரு காலால் மறுகாலை மறைத்துக்கொண்டார். இரண்டு கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. நீர்க்கடுப்புக்கு நம் பக்கத்தில் இதுதான் முதல் வைத்தியம். உடம்பில் சூடு ஏறிவிட்டது, இறக்க வேண்டும் என்று கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு வைப்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. ஆனால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தலைவலி என்பார்கள், இடுப்பு வலி என்பார்கள், சோறு இறங்கவில்லை என்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மேடம் போட்டிருந்த சட்டம் சுத்தத்துக்காக என்று நினைத்திருந்தேன். அதற்காகவும்தான்.

"எரியுதா?" என்று மேடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எரியுதுங்க. சொட்டு சொட்டா வருது. சொல்ல வெக்கமா இருந்துச்சி. நாலு ஊரு சுத்தற பொம்பள, எங்கியோ தப்புத்தண்டா பண்ணிக்கினு வந்துட்டான்னு பேசுவாங்க."

"கன்னிப் பொண்ணுக்கும் வரும் அஞ்சல. எனக்கே வந்துருக்குது. இது சூடும் இல்ல, தப்பும் இல்ல. கிருமி. நமக்கு மூத்திர வழி நீளம் கம்மி, அதனால வெளிய இருக்கறது ஜல்தியா உள்ள ஏறிடுது. ஆம்பளைக்கு நீளம் ஜாஸ்தி. ஆண்டவன் படைக்கும்போதே பண்ண வேல, அதுக்கு நீ எதுக்கு வெக்கப்படற?"

அஞ்சலை சிரித்துவிட்டார். பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி அவரை என்னிடம் அனுப்பினார் மேடம். மதியம் சாப்பிடும்போது நான் கேட்டேன். "அந்தச் சுண்ணாம்பால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்லி நிறுத்தச் சொல்லலாம்ல மேடம்?"

"எதுக்கு நிறுத்தணும்? மருந்து இல்லதான். நகத்துல இருந்துட்டுப் போவட்டும். வாயால சொல்ல முடியாதத கால் சொல்லுது. அதையும் அழிச்சிட்டன்னா நான் எதப் பாத்துக் கண்டுபிடிக்கறது?" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்த புளியோதரையை எடுத்துக்கொண்டார். கேட்டு எடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுப்பது அப்போது பெரிய ரகசிய வேலை. முந்தானைக்குள் ஒளித்து, மஞ்சப்பைக்குள் பேப்பர் சுற்றிக் கொண்டுவருவார்கள். கையில் கிடைத்த பாட்டில்தான். அனந்தபுரத்திலிருந்து ஒருவர் மனைவிக்காக ஒரு பாட்டில் கொண்டுவந்தார். சர்க்கரை பார்ப்பதற்கு அந்த நாளில் நீல மருந்தோடு சேர்த்துக் கொதிக்க வைப்போம். கொதித்ததும் செங்கல் நிறத்துக்கு வந்தது. அவ்வளவு சர்க்கரையை நான் பார்த்ததில்லை. மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க சனத்துல ஒருத்தருக்கும் சக்கர கெடையாதுங்க. கேப்பக் களி துன்னு வளந்த ஒடம்பு" என்று புலம்பினார். மேடம் வந்து பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூடியை முகர்ந்தார். இருமல் சிரப் பாட்டில். வெறுமனே ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார். "உங்க சம்சாரத்துக்குச் சக்கர இல்ல. உங்க பாட்டிலுக்குத்தான் இருக்குது" என்றார் மேடம். அன்றிலிருந்து சுத்தமான டப்பாவை நாங்களே கொடுக்க ஆரம்பித்தோம்.

அஞ்சலை குணமாகிப் போனார் என்றுதான் நினைத்தோம். மாதம் திரும்புவதற்குள் மறுபடி வந்தார். இந்த முறை குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி. கிருமி மூத்திரப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. மேடம் கொடுத்த மாத்திரைகளில் பாதியைத்தான் சாப்பிட்டிருக்கிறார். எரிச்சல் நின்றதும் மீதியை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டார். "அதுக்கும் எரியுதுன்னு அழுதுச்சிங்க. மனசு கேக்கல" என்றார்.

அன்று மேடத்தின் சத்தம் மார்க்கெட்டுக்கே கேட்டிருக்கும். "எரிச்சல் நின்னா கிருமி செத்துடுச்சின்னு யாரு சொன்னது? ஆளுக்குப் பாதி தின்னுட்டு, ஆளுக்குப் பாதி கிருமிய உள்ள வெச்சிக்கினு இருக்கீங்க. உனக்குக் குடுத்தது உனக்கு. அவள இங்க இட்டாந்திருக்கணும். தண்ணியும் குடிக்கலதானே நீ? எத்தினி வாட்டி சொன்னேன்?"

காய்ச்சலில் சுருண்டு கிடந்த அஞ்சலைக்கும் கோபம் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணி குடி தண்ணி குடின்றீங்க டாக்டரம்மா. குடிச்சிட்டு எங்க போறது? விடியறதுக்கு முன்ன ஊர்ல போனா, பொழுது போயி ஊட்டுக்குப் போற வரைக்கும் எடம் ஏது எங்களுக்கு? ஆம்பளைங்க செவுத்தோரம் நின்னுக்கறாங்க. எனுக்கு மார்க்கெட்ல ஒரு எடம் காட்டுங்க, கொடம் கொடமா குடிக்கறேன்."

மேடம் மருந்தை ஊசியில் ஏற்றினார். ஊசியைப் போட்டார், சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார், ஆட்டோ பிடித்து அனுப்பினார். சாயந்திரம் அவரோடு பாசஞ்சர் ரயிலில் நானும் விழுப்புரம் போனேன். என் அத்தை வீட்டில் விசேஷம். தினமும் அந்த ரயிலில்தான் அவர் போய்வருவார். மயிலம் தாண்டினால் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார், விழுப்புரம் ஜங்ஷனில் கொய்யாப்பழக்காரி தட்டி எழுப்ப வேண்டும். அன்று தூங்கவில்லை. "நான் புஸ்தகத்துல படிச்சத அவகிட்ட சொன்னேன் கஸ்தூரி. நெறைய தண்ணி குடி, அடக்கி வெக்காத. படிக்க நல்லாத்தான் இருக்குது. காலைலேர்ந்து நானும் ஒரு வாய் தண்ணி குடிக்கல, தெரியுமா? இந்த ரயிலு பாத்ரூமுக்குப் பயந்துக்கினு" என்றார். விக்கிரவாண்டி வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கொத்தனார் வந்தார். கிளினிக்கின் கழிப்பறைக் கதவு அதுவரை ஆண்கள் காத்திருக்கும் கூடத்தைப் பார்த்து இருந்தது. அதனாலேயே பெண்கள் யாரும் அதற்குள் போக மாட்டார்கள். அந்தக் கதவை அடைத்துவிட்டுச் சந்துப் பக்கம் வழி திறந்தார். பூட்டுச் சாவியை என் ஆய்வக ஜன்னல் ஓரத்து ஆணியில் மாட்டினார். மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணும் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம், திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கீரைக்காரர்கள் வந்தார்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து விற்பவர்கள் வந்தார்கள். துப்புரவுக்கு வந்த அம்மா, "ஊரு கக்கூசு முழுக்க நான் கழுவணுமா, பேஜாராப் போச்சு" என்று சண்டை பிடித்தார். மேடம் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, பல நாள் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். குணமாகி வந்த அஞ்சலை வஞ்சிரத் துண்டு கொண்டுவந்து வைத்தார். மேடம் சுத்த சைவம். வந்த மீனெல்லாம் எனக்குத்தான்.

அவர் கோபக்காரர் என்பதை மறைக்க விரும்பவில்லை. மனைவிக்குப் பதிலாக நோயைச் சொல்ல முன்வரும் கணவன்மார்களை "எரியறது ஒனக்கா அவளுக்கா?" என்று கேட்டு வெளியே அனுப்பிவிடுவார். என் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துப் பிசகினால் பேஷண்ட் முன்னாலேயே திட்டுவார். பாராட்டி ஒரு வார்த்தை வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நான் இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்தபோது, அறிகுறி ஒன்றும் இல்லாத நிலையில், "எதுக்கும் ஒரு யூரின் கல்ச்சர் போட்டுப் பாரு. மாசமா இருக்கறப்ப கிருமி சத்தம் காட்டாமயே இருக்கும்" என்று கட்டாயப்படுத்திப் பார்க்க வைத்து, கிருமியைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தவர் அவர். அந்தக் குழந்தைக்குப் போன வருடம் வேலை கிடைத்தது.

வயதானதும் கிளினிக்கை மூடிவிட்டு விழுப்புரத்தில் மகன் சேகர் வீட்டோடு இருந்துவிட்டார். அதே கட்டடத்தில் என் ஆய்வகத்தை நான் தொடர்ந்து நடத்தினேன். பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்ப்பேன். என் மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது முதல் பத்திரிகையை அவருக்கு வைக்கப் போனேன்.

கதவைத் திறந்த சேகரின் முகமே சரியாக இல்லை. "நீங்க வந்தது தெரியுமான்னே தெரியல அக்கா. பத்து நாளா இப்படித்தான்" என்றார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "விக்கிரவாண்டி வந்துடுச்சா? கொய்யாக்காரி எங்க?" என்று கேட்டார். நான் கஸ்தூரி என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் விக்கிரவாண்டி பற்றியே கேட்டார்.

சேகர் என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார். "மறதி வியாதியா இருக்கும்னு சொல்றாங்க அக்கா. ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்துருக்காங்க. ராத்திரியெல்லாம் எழுந்து ஸ்டேஷனுக்குக் கெளம்பறாங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பாண்டிச்சேரியில ஒரு ஹோம் இருக்குதாம், விசாரிச்சிருக்கேன்" என்றவர் சொல்லி முடிக்க முடியாமல் அழுதார். அம்மாவைத் தள்ளிவிட நினைக்கிற மகன் இல்லை அவர். படுக்கை நனைகிறது என்று சாயந்திரத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்ததும், அம்மாவுக்குச் சங்கடம் வேண்டாமே என்கிற அக்கறையில்தான்.

திரும்ப வந்து மேடத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று குனிந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் நகத்திலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

"இது யாரு வெச்சது?"

வீட்டு வேலை செய்யும் பச்சையம்மா வெற்றிலை போடுகிறவர். அவர்தான் பதில் சொன்னார். "என் டப்பிய புடுங்கி அவங்களே வெச்சிக்கறாங்க. மருமவ தொடச்சி வுட்டுச்சி. மறுபடி கேட்டு வாங்கி வெச்சிக்கினாங்க. புத்தி பெரண்டு போயி ஏதோ பண்றாங்கன்னு வுட்டுட்டோம்."

கையைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. எரிகிறதா என்று மேடத்திடம் கேட்டேன். ரயில் ஏன் நிற்கிறது என்று திருப்பிக் கேட்டார். என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. "சேகர், மேடம் சுண்ணாம்பு வெச்சிருக்காங்க. ஸ்கேன் அப்புறம் பாக்கலாம். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு யூரின் பாத்துடலாம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சீழ் அணுக்கள் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன என்றார்கள். கிருமி ரத்தத்திலும் கலக்கத் தொடங்கியிருந்தது. வயதானவர்களுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் இப்படித் திடீர்க் குழப்பமாக மட்டும் வருவதுண்டு என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். குழப்பத்துக்கெல்லாம் இதுவே காரணம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறு காரணங்களையும் பார்த்தாக வேண்டும், ஆனால் மறதி வியாதி பத்து நாளில் இப்படிப் பாய்ந்து வராது என்றார். அந்த வெள்ளையைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் பத்திரிகையை வைத்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்பேன்.

நரம்பு வழியாக மருந்து ஏறியது. ஒரு வாரம் கழித்துப் போனபோது மேடம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னாடி கஸ்தூரி, தல இப்படி நரச்சிடுச்சி? சாயம் கீயம் போடறதில்லியா? பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் கெழவி மாதிரி நிக்கப் போற" என்றார். அவரிடம் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

சுண்ணாம்பைப் பற்றிப் பிறகு ஒரு நாள் கேட்டேன். அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. ரயில், கொய்யாக்காரி, பச்சையம்மாவின் டப்பி எதுவுமே இல்லை. தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மருந்துன்னு வெச்சிருக்க மாட்டேன் கஸ்தூரி. எரிஞ்சிருக்கும். சொல்லத் தெரிஞ்சிருக்காது. கால்ல இருந்தா யாராவது பாப்பாங்கன்னு தோணியிருக்கும்."

அதன்பிறகு கிடைத்த வருடங்களை அவர் அனுபவித்தே வாழ்ந்தார். என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டார். பேரன் பேத்திகளைத் திட்டினார். போன வாரம் காபி கேட்டுவிட்டு, வருவதற்குள் போய்விட்டார்.

அன்று விழுப்புரம் வீட்டில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து மாலை போட்டார்கள். அஞ்சலையும் வந்திருந்தார், இப்போது கூடை தூக்குவதில்லை, முழங்கால் வலி. நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தது கால்மாட்டில். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அஞ்சலை குனிந்து அந்த நகங்களைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. சுத்தமா கீது" என்று என்னிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு மனம் ஆறியது.

கட்டைவிரலில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஷூ போட்டுக்கொண்டு வருகிற பெண்களின் கால் எதையும் சொல்வதில்லை. நேற்று ஒரு கல்லூரிப் பெண் தலைவலி, காய்ச்சல் என்று ரத்தம் கொடுக்க வந்தாள். "எரியுதா?" என்று மெதுவாகக் கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியும் அதைக் கேட்க வேண்டிய குரலும்தான்.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. மார்க்கெட்டுக்கு வருகிற பெண்கள் கவனிக்க வேண்டும். மேடம் போய்விட்டார், இனி அந்தக் கழிப்பறை வழி மூடிவிடும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். மூடாது. சாவி அதே ஜன்னலோரத்து ஆணியில்தான் தொங்குகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.